தேர்ச்சி விகிதத்தின் பகுதி: கொங்கு நாட்டுப் பள்ளிச் சாதனைகளை எப்படிப் படிப்பது?

2024 மே மாதத்தில் ஒன்பது நாள்களுக்குள் மூன்று பொதுத்தேர்வுகளின் முடிவுகள் வெளியாயின. மே 6 அன்று வந்த பிளஸ் டூ முடிவில் திருப்பூர் மாவட்டம் 97.45 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது; ஈரோடு 97.42 சதவீதத்துடன் சிவகங்கையோடு சேர்ந்து அடுத்த இடத்தில் நின்றது. மே 14 அன்று வந்த பிளஸ் ஒன் முடிவில் முதல் மூன்று இடங்களையும் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் ஆகிய கொங்கு மாவட்டங்களே எடுத்துக்கொண்டன. இவ்விரண்டுக்கும் நடுவே, மே 10 அன்று வந்த பத்தாம் வகுப்பு முடிவில் மட்டும் அரியலூர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகியவை முன்னால் நின்றன. கொங்குப் பக்கத்து மாவட்டம் ஒன்றுகூட முதல் மூன்றில் இல்லை. அடுத்த ஆண்டும் ஏறக்குறைய இதே கதைதான். 2025 பிளஸ் டூவில் அரியலூருக்கு அடுத்தபடியாக ஈரோடும் (97.98) திருப்பூரும் (97.53) வந்தன, பத்தாம் வகுப்பில் சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மேல்நிலைப்பள்ளிகளில் ஒரே வளாகத்தில், ஒரே தலைமையாசிரியரின் கீழ் நடப்பவை. அதே ஊர், அதே பள்ளி, அதே மாணவர்கள் இரண்டாண்டு மூத்தவர்களாகி நிற்கும்போது மாவட்டத்தின் இடம் இவ்வளவு மாறுவது ஏன்? செய்தியாக வரும் சதவீதத்தைப் பின்னமாக எழுதிப் பார்த்தால் விடையின் ஒரு பாதி கிடைத்துவிடும். பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. நாளிதழின் தலைப்பும் பேருந்து நிலையத்து ஃபிளெக்ஸ் தட்டியும் எப்போதும் தொகுதியைப் பற்றியே பேசுகின்றன: எத்தனை பேர் தேறினார்கள், யார் முதல் மதிப்பெண் எடுத்தார்கள், எத்தனை சென்டம் விழுந்தது. பகுதியில் யார் யார் இருந்தார்கள், அதற்குள் வராமலே போனவர்கள் யார் என்பதைப் பள்ளிக்கு வெளியே இருப்பவர் பெரும்பாலும் கேட்பதில்லை. கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூடுதலாகக் கேட்கப்பட வேண்டியது என்பதே என் எண்ணம்.

பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். வறண்ட மாவட்டங்களில் அப்படி நின்றவன் என்ன செய்வது என்று தெரியாமல் சில மாதங்கள் வீட்டில் இருப்பான். வேறு வழியின்றி மேல்வகுப்பில் சேர்ந்துவிடுவதும் உண்டு. கொங்கில் அவனுக்கு மறுநாளே வேலை காத்திருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியின் செக்கிங்கும் கைமடியும், பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கங்களில் விசைத்தறியும் தார் சுற்றுதலும், கோவையில் லேத் பட்டறையும் பவுண்டரியும், நாமக்கல்லில் லாரி பட்டறையும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும், சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையும் பதினாறு வயதுப் பையனை வாசலிலேயே நிறுத்தி வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. சனிக்கிழமை மாலையில் கைக்கு வரும் வாரச் சம்பளத்தோடு போட்டியிட எந்தத் தலைமையாசிரியராலும் முடிவதில்லை. விடுமுறையில் ‘சும்மா ஒரு மாசம்’ என்று கம்பெனிக்குப் போனவன் ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பாத கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும். இப்படிப் போகிறவர்களில் படிப்பில் தடுமாறியவர்களே அதிகம் என்பதால், மீதமிருந்து பிளஸ் டூ எழுதுகிறவர்கள் தேறும் வாய்ப்பு இயல்பாகவே உயர்ந்துவிடுகிறது. பகுதி சுருங்கினால் பின்னம் பெருகும். அதற்குக் கற்பித்தலில் எந்த மாற்றமும் தேவையில்லை.

இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மேல்நிலை வகுப்புகளில் தனியார் பள்ளிகளின் பங்கு இப்பகுதியில் கணிசமானது. தேர்வுக்கென்றே மாணவரை அணியப்படுத்தும் முறை இங்கே நெடுநாள் பழகிப்போனது. நல்ல முதுகலை ஆசிரியர்கள் நிறைந்த அரசுப் பள்ளிகளும் உண்டு. ஆனாலும் ஒரு மாவட்டம் பிளஸ் டூவில் முன்னே நின்று பத்தாம் வகுப்பில் பின்னே போகும்போது, இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் யார் கழன்றுகொண்டார்கள் என்று பார்க்காமல் வாழ்த்துச் சொல்வது பாதிக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதாகும்.

தேர்ச்சி என்பதே எவ்வளவு உயரமுள்ள வேலி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் போதும். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20ம் செய்முறையில் 15ம் எடுத்தால் கரையேறிவிடலாம். பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10; எழுத்தில் குறைந்தது 15 வேண்டும், மொத்தம் 35 வர வேண்டும். செய்முறையும் அகமதிப்பீடும் பெரும்பாலும் முழுமையாகவோ அதற்கு நெருக்கமாகவோ வழங்கப்படும் நிலையில், இயற்பியலில் 70க்கு 15 எடுத்த மாணவனும் தேறியவனே. 95 சதவீதத் தேர்ச்சி கண்டு வியக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அதற்காக நூறு சதவீதத் தேர்ச்சி என்பது உழைப்பில்லாமல் வருவது என்று நினைத்துவிடக் கூடாது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் ஒன்று தயாராகும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களை மாலை ஆறு மணி வரை உட்கார வைத்து, மனப்பாடச் செய்யுளும் வரைபடமும் ஒரு மதிப்பெண் வினாக்களும் கொண்ட குறைந்தபட்சக் கையேட்டைத் திரும்பத் திரும்ப எழுத வைத்து, திருப்புதல் தேர்வு ஒன்று, இரண்டு, மூன்று என்று நடத்தி, வராதவன் வீட்டுக்கு ஆசிரியரே இருசக்கர வண்டியில் போய் அழைத்து வந்து, மாலையில் சுண்டலுக்கும் பன்னுக்கும் தம் கைக்காசைப் போட்டு அந்த 35ஐ எட்ட வைக்கிறார்கள். தறிப்பட்டறையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்கும் பையனைத் தேற வைப்பது, விடுதியில் தங்கிப் படிக்கும் பையனைப் பிளஸ் டூவில் 600க்கு 590க்கு மேல் எடுக்க வைப்பதைவிடக் கடினமான வேலை. முதலாவதற்குத் தட்டி வைப்பவர் எவரும் இல்லை.

நூறு சதவீதத்தை எட்ட இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. அது ஊரறிந்த இரகசியம். ஒன்பதாம் வகுப்பு இறுதியிலேயே தேற மாட்டான் என்று தோன்றும் மாணவனின் பெற்றோரை அழைத்து, ‘வேற ஸ்கூல்ல போட்டீங்கன்னா நல்லா வருவானுங்க’ என்று பக்குவமாகச் சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது, அல்லது தனித்தேர்வராக எழுதச் சொல்லி டுடோரியலுக்கு வழிகாட்டுவது. பள்ளியின் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகும்போது அந்தப் பெயர் அதில் இருக்காது. பெயர் இல்லாதவன் தோற்க முடியாது. இப்படி விலக்கப்பட்ட மாணவன் பெரும்பாலும் போய்ச் சேருவது பக்கத்து அரசுப் பள்ளியில். அங்கே அவன் ஒரு பாடத்தில் தவறினால் அந்தப் பள்ளியின் விகிதம் குறையும், முதன்மைக் கல்வி அலுவலரின் மீளாய்வுக் கூட்டத்தில் அதன் தலைமையாசிரியர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவர் தள்ளிவிட்டதன் கணக்கை இன்னொருவர் தீர்க்கிறார்.

எண்ணிக்கையும் கவனிக்கத் தக்கது. பத்தாம் வகுப்பில் இருபது பேர் படிக்கும் கிராமத்து உயர்நிலைப்பள்ளியில் ஒருவர் தவறினால் தேர்ச்சி 95 சதவீதம். நகரத்துப் பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் நானூறு பேர் எழுதி இருபது பேர் தவறினாலும் அதே 95 சதவீதம்தான். முதலில் சொன்ன சிறிய பள்ளி அடுத்த ஆண்டு நூறைத் தொட்டுவிடும், அதற்கு அடுத்த ஆண்டு 90க்கு இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை முன்னேற்றம் என்றும் சரிவு என்றும் செய்தியாக்குவதில் பொருளில்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டதால் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளும் நூறு சதவீதம் பெற்றன. அந்த ஆண்டுகளையும் சேர்த்து ‘தொடர்ந்து பத்தாண்டுகள் நூறு சதவீதம்’ என்று எழுதப்பட்ட தட்டிகளைப் பார்க்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது.

மதிப்பெண் இந்த அளவுக்குப் பெருமைப் பொருளானது கொங்கு நாட்டில் எப்படி என்பதற்குத் தனி வரலாறு உண்டு. அதன் நடுவே நாமக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978ல் வந்தது. 1984 முதல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு இருந்ததால், பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கும் நுழைவுத் தேர்வை 100க்கும் கணக்கிட்டு 300க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். நுழைவுத் தேர்வுப் பயிற்சி பெருநகர மாணவர்களுக்கே வாய்த்தது என்ற காரணத்தால் அதை நீக்க 2006ல் சட்டம் இயற்றப்பட்டு, 2007 சேர்க்கை முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வழி என்றானது. கணிதம் (மருத்துவத்துக்கு உயிரியல்) 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்-ஆஃப். அரை மதிப்பெண் வேறுபாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இடம் கைநழுவும் நிலை வந்தபின், அந்த அரை மதிப்பெண்ணை உற்பத்தி செய்து தருவதாகச் சொன்ன பள்ளிகளுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் பெற்றோர் வந்து குவிந்தார்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உண்டு உறைவிடப் பள்ளிகளின் பொற்காலம் 2007 முதல் 2017 வரையிலான அந்தப் பத்தாண்டுகள்தாம். கிராமத்துப் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்ட முடிவு, பணம் கட்டித் தங்கிப் படிக்க முடிந்தவர்களுக்கும் சேர்த்தே கதவைத் திறந்துவிட்டது.

ஏன் நாமக்கல்? சேலத்திலிருந்து 1997ல் பிரிந்த இந்தச் சிறிய மாவட்டத்துக்குக் கல்வி மரபென்று தனியாகச் சொல்ல அதிகமில்லை. இருந்தவை வேறு மூன்று. ஒன்று, லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை ஆகிய தொழில்களில் சேர்ந்து முதலீட்டுக்குக் காத்திருந்த பணம். இரண்டாவது, மானாவாரி நிலம். விடுதியோடு கூடிய பெரிய வளாகத்துக்கு ஏற்றது, அன்றைக்கு விலையும் மலிவு. மூன்றாவதும் முதன்மையானதுமான காரணம், கூட்டுத் தொழில் பழக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் எழுந்ததும் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் பெருகியதும் உறவினரும் ஊர்க்காரரும் பங்கு போட்டுத் தொழில் தொடங்கி, பின்னர் ஒவ்வொருவராகப் பிரிந்து தனித்தனியே நடத்தும் முறையால்தான். பள்ளிகளிலும் அதே முறை வந்தது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அறக்கட்டளை அமைத்தார்கள். அவர்களில் பணம் போட்டவரும் இருந்தார், பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியரும் இருந்தார், கட்டடத்தையும் சமையற்கூடத்தையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவரும் இருந்தார். தொழிற்சாலையை நடத்தத் தெரிந்த கைகள் பள்ளியையும் நடத்தின. ‘பிராய்லர் பள்ளி’ என்ற பழிப்பெயர் தமிழ்நாட்டில் பரவியது கோழிப்பண்ணைகளின் பக்கத்தில் அவை இருந்ததால் மட்டுமன்று. தீவனமும் வெளிச்சமும் நேரமும் அளந்து கொடுத்து எடையை ஏற்றும் முறை இரண்டுக்கும் பொதுவாகத் தோன்றியதாலும்தான். அந்தப் பெயரில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பழித்தவர்களில் பலர் தம் பிள்ளைகளை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளிகளின் முறையில் இரண்டு கூறுகள் செய்திகளில் தெரியாதவை. பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவுக்கு முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நடத்துவது முதற்கூறு. 1200க்கு 1180 என்று வந்த மதிப்பெண்களின் அடியில் பிளஸ் ஒன் பாடநூலின் இழப்பு இருந்தது. அதன் விளைவு பொறியியல் முதலாண்டில் கணிதத் தாள்களில் தவறிய மாணவர்களிடம் தெரிந்தது. மற்றொன்று ஆள்சேர்ப்பு. பத்தாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய அரசுப் பள்ளி மாணவர்களைத் தேடிப் போய், கட்டணமில்லாமலோ சலுகையிலோ சேர்த்துக்கொள்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தது ஊர் அரசுப் பள்ளி. படத்தோடு நாளிதழில் வந்தது உறைவிடப் பள்ளியின் பெயர்.

2017ல் மூன்று மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த ஆண்டு மே மாதம் பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. 2017–18 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதோடு சேர்ந்து மொத்த மதிப்பெண்ணும் 1200லிருந்து 600 ஆனது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமானதும் அதே ஆண்டில்தான். முதல் இரண்டு முடிவுகளையும் எடுத்தபோது பள்ளிக்கல்வித் துறை அமைச்சராக இருந்தவர் கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே. ஏ. செங்கோட்டையன். ரேங்க் பெருமையின் தலைநகரம் கொங்கில் இருந்தது, அதை நிறுத்தியவரும் கொங்குக்காரர் என்பது வரலாற்றின் ஒரு சிறு வேடிக்கை. இந்தத் துறைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்ற இராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930ல் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம் காமராசர் அமைச்சரவையில் கல்வியைக் கவனித்தார். மதிய உணவுத் திட்டம் பரவியதும், ஊர்மக்கள் பள்ளிக்குப் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் கொண்டுவந்து கொடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்ததும் அக்காலத்தில்தான். அன்றைய பள்ளிச் செய்தி என்றால் ஒரு ஊரில் பள்ளி திறந்தது, இன்னொரு ஊரில் கட்டடம் எழுந்தது என்பதாக இருந்தது. எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதே அன்று சாதனை. பகுதியைப் பெருக்குவதே அன்றைய குறிக்கோள் என்று சொல்லலாம்.

ரேங்க் போனபின் தட்டிகள் போய்விடவில்லை. தட்டியில் எழுதப்படும் எண்தான் மாறியது. 1200க்கு என்றிருந்த இடத்தில் நீட்டின் 720க்கு என்று வந்தது. உறைவிடப் பள்ளிகளின் வளாகங்களிலேயே நீட் பயிற்சி மையங்கள் முளைத்தன. பிளஸ் டூ முடித்து ஓராண்டோ இரண்டாண்டோ தங்கி மறுபடி எழுதும் ‘ரிப்பீட்டர்’ என்ற புதிய மாணவர் வகையும் தோன்றியது. நீட் சாதனைச் செய்தியைப் படிக்கும்போது அது அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவருடையதா, மூன்றாம் முறை எழுதியவருடையதா என்பதைக் கேட்க வேண்டும். தட்டி அதைச் சொல்லாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது. முதலாண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் சேர்ந்து ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அதற்கு முன் நீட் வழியாக மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், இந்த ஒதுக்கீட்டின் விளைவு ஐயத்துக்கிடமற்றது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்ற விதியால், அரசு உதவிபெறும் பள்ளிகளின் ஏழை மாணவர்கள் இதற்கு வெளியே நிற்கிறார்கள். பழைய உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த கோவை, ஈரோடு பக்கங்களில் இந்த மனக்குறையை அடிக்கடி கேட்கலாம்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வின் ஆயுள் எட்டு ஆண்டுகளே. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை 2025–26 முதல் அதை நீக்கியது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் அழுத்தத்திலிருந்து மாணவர்களை விடுவிப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தத் தேர்வு வந்ததே பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பள்ளிகள் விழுங்கிவிடாமல் தடுப்பதற்காக. இனி அந்தப் பழைய பழக்கம் திரும்பிவிடுமா என்றால், மருத்துவத்துக்கும் ஐஐடிக்கும் ஆள் தயாரிக்கும் பள்ளிகளில் திரும்பாது என்று நினைக்கிறேன். நீட்டிலும் ஜேஇஇயிலும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. திரும்புவதானால், மாநிலப் பாடத்திட்டத்தில் பொறியியல் கட்-ஆஃப் மட்டுமே இலக்காகக் கொண்ட நடுத்தரத் தனியார் பள்ளிகளில்தான் திரும்பும். கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

அரசின் மாதிரிப் பள்ளிகள் இந்தக் கதையில் ஒரு புதிய திருப்பம். மாவட்டத்துக்கு ஒன்றாக, விடுதியோடு கூடிய இப்பள்ளிகளுக்கு அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் மாணவர்கள் தெரிவு செய்யப்பட்டு அனுப்பப்படுகிறார்கள். அங்கிருந்து ஐஐடி வரை போனவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய வாய்ப்பு. அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆயினும், முன்பு உறைவிடப் பள்ளி எடுத்துப் போன முதல் மதிப்பெண் மாணவியை இப்போது மாதிரிப் பள்ளி எடுத்துப் போகிறது என்பதும், அவளை உருவாக்கிய கிராமத்துப் பள்ளியின் பிளஸ் டூ முடிவில் அவள் பெயர் இருக்காது என்பதும் உண்மை. மாதிரிப் பள்ளியின் சாதனையை அறிவிக்கும் ஒவ்வொரு செய்தியிலும் அந்த மாணவர் ஒன்பதாம் வகுப்பு வரை எங்கே படித்தார் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். செலவில்லாத நியாயம் அது.

தட்டியில் அதிகம் வராத, ஆனால் நான் அதிகம் நம்பும் செய்தி ஒன்று உண்டு: தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு, அதாவது எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் என்எம்எம்எஸ். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் படிக்க வேண்டும். மனத்திறன் 90 வினா, படிப்பறிவு 90 வினா. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். தெரிவானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் மொத்தம் 48,000. வசதியான பிள்ளைகளும் தனியார் பள்ளிகளும் களத்திலேயே இல்லாததால் இங்கே பகுதி ஒரே தரத்தது. விடுதியில் அடைத்து வைத்து உரமேற்றவும் வழியில்லை. ஊரகத் திறனாய்வுத் தேர்விலும் இப்படித்தான்: ஒன்பதாம் வகுப்பில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், தொகை மட்டும் ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்று இந்தக் காலத்துக்கு ஒவ்வாத சிறுமையில் நிற்கிறது. பதினோராம் வகுப்புக்கான தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் மாநிலம் முழுவதும் 1,500 பேர் தெரிவாகி மாதம் 1,500 ரூபாய் பெறுகிறார்கள். இவற்றில் ஒரு பள்ளி தொடர்ந்து நான்கைந்து ஆண்டுகள் இடம் பிடித்தால், பின்னால் விசாரித்துப் பாருங்கள். சனிக்கிழமைகளில் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு உட்காரும் ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர் இருப்பார். கலந்தாய்வில் அவருக்கு இடமாறுதல் கிடைத்த மறு ஆண்டே பள்ளியின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அவர் போன ஊர்ப் பள்ளியின் பெயர் தோன்றும்.

விளையாட்டிலும் இதே கதை. சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறுவயதில் பேருந்து மோதி வலது கால் பாதிக்கப்பட்டவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்று, அடுத்து டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் பெற்றார். அவரை உயரம் தாண்டும் பக்கம் முதலில் திருப்பியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளில் மாவட்ட அளவுக்குப் போகும் அணிகளின் பின்னாலும் அப்படி ஒருவர் இருப்பார். திருப்புதல் தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்ப்பதுதான் பெரும்பாலான பள்ளிகளின் வழக்கம் என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

இனி, மாணவ மாணவியர் வேறுபாட்டுக்கு வருவோம். 2025 பிளஸ் டூவில் மாணவியர் 96.70 சதவீதமும் மாணவர் 93.16 சதவீதமும் தேறினார்கள், 2024ல் 96.44, 92.37. ‘வழக்கம்போல் மாணவிகளே அதிகம்’ என்று ஒரே வரியில் கடந்துவிடும் இந்தச் செய்தியிலும் பகுதி பேசுகிறது: தேர்வெழுத மீந்த மாணவர்களின் நிலையே இது என்றால், பிளஸ் டூவுக்கு வராமலே பட்டறைக்குப் போனவர்களையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் அகலும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. பையன்கள்தாம் வேலைக்குக் கழன்றுகொள்கிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டிருந்த நிலையில், அவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடம் பொருத்தமானது. ஆனால் இந்த உதவி கல்லூரி வாசலை எட்டியவனுக்கே கிடைக்கும். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் இடையில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்துவிட்டவனை அது தொடுவதில்லை.

அந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை 2023 மார்ச் 13 ஒருநாள் வெளியே காட்டியது. அன்று பிளஸ் டூ தமிழ்த் தாளுக்கு மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. 2021ல் தேர்வில்லாமல் பத்தாம் வகுப்பைக் கடந்து, மேல்வகுப்பில் பெயர் மட்டும் சேர்ந்து, வகுப்புக்கு வராமல் இருந்தவர்கள் அவர்களில் கணிசமானவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. வழக்கமாக ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக உதிரும் பெயர்கள் அந்த ஆண்டு பட்டியலிலேயே தங்கிவிட்டதால்தான் அந்த எண் கண்ணில் பட்டது.

ஜூன் மாதச் சேர்க்கைக்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் பெற்றோர் தேர்ச்சி விகிதத்தோடு இரண்டு எண்களையும் கேட்டு வாங்கலாம்: போன ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் எத்தனை பேர், அதற்கு இரண்டாண்டு முந்தைய ஜூனில் அந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர். மேல்நிலை வகுப்புக்கும் இதே கேள்வி பொருந்தும். விடை சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் இருக்கிறது. நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதியும் காரணமும் எழுத ஒரு கட்டம் உண்டு. கொங்கு நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் அந்தக் கட்டத்தில் அடிக்கடி காணக் கிடைக்கும் சொற்கள் மூன்றே: பெற்றோர் விருப்பம், குடும்பம் இடம்பெயர்வு, நீண்ட நாள் வருகையின்மை.